சுவரில் ஓவியமா, சட்டத்தில் படமா, கையில் பென்சிலா?

புதுச்சேரியிலோ கடலூரிலோ சின்னதாக ஓர் அலுவலகமோ டியூஷன் சென்டரோ தொழிற்பயிற்சி மையமோ நடத்துகிறவர்கள், "இடம் கொஞ்சம் இதமா இருக்கணும், படம் கிடம் ஏதாவது வைக்கலாம்" என்று முடிவெடுத்ததும் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சுவர் அடைமழைக் காலத்தில் எப்படி இருக்கும்? அறையில் உட்காருகிறவரின் கண் எந்தப் பக்கம் வேலை செய்கிறது, எந்தப் பக்கம் இளைப்பாறுகிறது? இவை தெளிவானால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

இருக்கும் வழிகள் நான்கு. சுவரிலேயே வரைவது, அச்சிட்ட படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுவது, சுடுமண், காகிதக்கூழ் போன்ற கைவினைப் பொருள்களை வைப்பது, அங்கே இருப்பவர்களையே வரையவிடுவது. பாடத்தாளில் படம் சேர்ப்பது தனிக் கணக்கு. மற்ற நான்கில் நல்லதாகத் தெரிவது அங்கே கெடுதலாகிவிடும்.

ஆய்வுகள் எதுவரை துணைவரும்

கலை மனதுக்கு இதம் தரும் என்பதில் பெரிய சண்டை இல்லை. எந்தப் படம், யாருக்கு என்று கேட்டால்தான் பதில் பிரிகிறது.

ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்தது. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. பிறகு சுவீடனின் உப்சாலாவில் இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் அவரும் சகாக்களும் நடத்திய ஆய்வுதான் நமக்கு அதிகம் பயன்படும். நீரும் மரமும் உள்ள படம் பதற்றத்தைக் குறைத்தது. நேர்க்கோடுகளாலான அரூபப் படமோ, படமே இல்லாததைவிட மோசமாக வேலை செய்தது. 'மாடர்னாக இருக்கட்டும்' என்று எதையாவது மாட்டுவதைவிட வெற்றுச் சுவரே மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் படுக்கையிலிருந்த நோயாளிகள். ஜி.எஸ்.டி. கணக்கு முடிக்கிறவருக்கு அதே பலன் அதே அளவில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அலுவலகத்துக்கு நெருக்கமானது, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. செடியும் படமும் வைத்த அறையில் வேலை செய்தவர்கள், மொட்டை அறையில் இருந்தவர்களைவிட 17 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். அந்தச் செடியையும் படத்தையும் தாங்களே விருப்பப்படி அமைத்துக்கொண்டவர்களிடம் அது 32 விழுக்காடு ஆனது. அவர்கள் அமைத்ததை மேலாளர் வந்து மாற்றி வைத்ததும் அந்த ஆதாயம் போயே போய்விட்டது. நாங்கள் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: எந்தப் படம் என்பதைவிட, தேர்ந்தெடுத்தவர் யார் என்பது பெரிய விஷயம். ஓனர் தன் வீட்டு ஹாலுக்கு வாங்கி மிஞ்சியதை ஆபீசில் மாட்டினால் அது ஆணியை மறைக்கும், அவ்வளவுதான்.

சுவரிலேயே வரைவது

கடலோர ஊர்களில் சுவர் ஓவியத்துக்கு முதல் எதிரி ஓதம். மண்ணிலிருந்து ஏறும் ஈரமும், வடகிழக்குப் பருவமழையில் வடக்கு, கிழக்குச் சுவர்களில் சாரலடித்து ஊறும் ஈரமும் செங்கல்லிலும் சாந்திலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வரும். நீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே படிகமாகி பெயின்டை உள்ளிருந்து தள்ளும். தை மாதம் வரைந்த மயில் கார்த்திகையில் பொரிந்து உதிர்வது இதனால்தான். கடைக்காரர் மட்டமான பெயின்ட் கொடுத்துவிட்டார் என்று திட்டிப் பயனில்லை.

சோதிக்கும் முறை எளிது. ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி அகல டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. உரிக்கும்போது தாளின் உட்புறம் நீர் முத்துகள் நின்றாலோ சுவர் கறுத்திருந்தாலோ அங்கே வரைய வேண்டாம். சித்திரையில் சோதித்தால் எல்லாச் சுவரும் பாஸாகும். ஐப்பசி, கார்த்திகையில் சோதித்துவிட்டுத் தையில் வேலையைத் தொடங்குவதே சரி. ஆடிக்குள் முடித்துவிட வேண்டும்.

சுவர் தேறியதும் வேலை இந்த வரிசையில் போகும். பழைய பெயின்டையும் வெள்ளையாகப் பூத்த உப்பையும் கம்பி பிரஷால் உலர்வாகத் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் ஆகாமல் தொடக் கூடாது. சிமென்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். பட்டி பார்ப்பதாக இருந்தால் வெள்ளைச் சிமென்ட் பட்டியே போடுங்கள், அதுவும் மெல்லியதாக. பிறகு காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட், வெளிர் நிற அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம். அதற்கு மேல்தான் ஓவியம். 10 அடிக்கு 8 அடிச் சுவர் 80 சதுர அடி வரும். பிரைமர் 1 லிட்டர், அடி நிறம் 2 லிட்டர் போதும். ஓவிய வண்ணங்களை 200 மில்லி டப்பாக்களாக வாங்கினால் வீணாகாது. தின்னர் சேர்க்கும் எனாமல் வேண்டாம்; மூடிய அறையில் அதன் நெடியே தலைவலி கொடுக்கும். அக்ரிலிக்காக இருந்தாலும் ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

கீழே மூன்றடியை ஓவியமில்லாமல் ஒற்றை நிறத்தில் விட்டுவிடுவது எங்கள் பிடிவாதமான பரிந்துரை. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்தான் நிற்கும். நாற்காலி முதுகும் புத்தகப் பையும் உரசுவதும் அங்கேதான். வருஷா வருஷம் அதை மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் பக்கத்துச் சுண்ணாம்புச் சாந்துக் கட்டடங்களில் இந்த முறை எதுவும் பொருந்தாது. அந்தச் சுவர்கள் மூச்சு விடுபவை. பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சாந்தையே உதிர்க்கும். அங்கே சுண்ணாம்பு வெள்ளையோடு நிறுத்திக்கொண்டு மாட்டும் படங்களுக்குப் போவதே நல்லது.

ஓவியருக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை; ஓவியம் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்திலேயே இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வண்ணத்தோடு மாதிரி கேளுங்கள். முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை வந்து செப்பனிட்டுக் கொடுப்பதையும் கூலிப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், மாற்ற முடியாது என்பது சுவர் ஓவியத்தின் நிரந்தரக் குறை. அலுத்துப்போனாலும் வருஷக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாடகை இடமென்றால் காலி செய்யும் நாளில் வெள்ளையடிக்கும் செலவு அட்வான்ஸில் கழியும். சொந்தக் கட்டடம், மழை படாத உள்சுவர், ஆட்கள் நின்று வேலை செய்யாமல் கடந்துபோகும் இடம் — படிக்கட்டு, நடைபாதை, சாப்பிடும் அறை — இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டமிட்ட படம்

பெரும்பாலான வாடகை அலுவலகங்களுக்கும் வகுப்புகளுக்கும் இதுவே எங்கள் தேர்வு. ஓதம் அடித்தால் கழற்றி வைக்கலாம், அலுத்தால் மாற்றலாம், இடம் மாறினால் கூடவே எடுத்துப் போகலாம்.

பத்துச் சின்னப் படங்களைவிட இரண்டு பெரிய படங்கள் நல்லவை. எட்டு, பத்து அடி தள்ளி உட்காருகிறவருக்கு 2 அடிக்கு 3 அடிக்குக் குறைந்த படம் வெறும் நிறத் திட்டாகத்தான் தெரியும். அந்த அளவை அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 3600-க்கு 5400 பிக்சல் உள்ள கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததைக் கடையில் கொடுத்தால் மங்கலாகத்தான் வரும். மூலக் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நிறமி மை கொண்டு அச்சிடும் கடையாகப் பாருங்கள், சாய மை சீக்கிரம் வெளுக்கும். ஃபிளெக்ஸ் மலிவு, ஆனால் பளபளப்பும் நெடியும் அறைக்குள் தாங்காது. வினைல் ஸ்டிக்கர் ஈரச் சுவரில் ஓரம் தூக்கும். உரிக்கும்போது பெயின்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

சட்டத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அச்சுத்தாள் கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சைப் புள்ளி விழும். இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும். சட்டத்தின் முதுகில் கீழ் மூலைகள் இரண்டிலும் 5 மில்லிமீட்டர் ரப்பர் குமிழ் ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடினால் ஓதம் படத்துக்குத் தாவாது. பின்பக்க ஓரங்களை டேப்பால் மூடினால் ராமபாணப் பூச்சி நுழையாது. கரையான் தொல்லை இருக்கும் கட்டடத்தில் மரச் சட்டம் வேண்டாம், அலுமினியம் போதும். கொக்கியும் திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உப்புக்காற்றில் சாதா ஆணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழியும். எதிரே டியூப்லைட்டோ ஜன்னலோ இருந்தால் கண்ணாடிக்குப் பதில் மேட் அக்ரிலிக் போடுங்கள். இல்லையென்றால் தெரிவது படமல்ல, டியூப்லைட்.

உயரம் அடுத்த சிக்கல். நம் ஊரில் சாமி படமும் காலண்டரும் கதவு நிலைக்கு மேலே தொங்கிப் பழகிவிட்டதால் எல்லாப் படமும் அங்கேயே போய்விடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடியில் இருக்கும். அவர்கள் பார்க்க வேண்டிய படத்தின் நடுப்புள்ளி 4 முதல் 4½ அடிக்குள் வரட்டும். நின்றபடி பார்க்கும் இடங்களில் 5 அடி. கணினித் திரைக்கு நேர் பின்னாலும் கரும்பலகைப் பக்கமும் மாட்டாதீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் கண்ணில் படுகிற சுவரே ஏற்றது.

எதை மாட்டுவது? திறந்த வெளி, நீர், மரம், மென்மையான வெளிச்சம். இதற்கு வெளிநாட்டு ஏரிப் படத்தை இணையத்தில் தேட வேண்டியதில்லை. பிச்சாவரத்தின் அலையாத்திக் கால்வாய், பாகூர் வயல்வெளி, ஊசுட்டேரியின் காலை நேரம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. கடல் படத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த கரையோரம் இது. தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், எழும்பி நிற்கும் அலையின் படம் வெளியூர்க்காரருக்குத் தரும் உணர்வைத் தராது. தன்னம்பிக்கை வாசகப் பலகைகளும் இந்தக் கணக்கில் சேராது. எழுத்தைக் கண்டால் கண் வாசிக்கத் தொடங்கிவிடும், ஓய்வு எங்கே?

தேர்ந்தெடுக்க ஒரு வழி: எட்டுப் பத்துப் படங்களை ஏ4 தாளில் அச்சிட்டு ஒரு வாரம் மேஜையில் விரித்து வையுங்கள். ஆளுக்கு இரண்டு டிக். அதிகம் பெற்ற மூன்றை வாங்குங்கள், பிறகு கேட்காமல் மாற்றாதீர்கள்.

சுடுமண்ணும் காகிதக்கூழும்

வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொருள்களும் புவிசார் குறியீடு பெற்றவை. வரவேற்பறைக்கு இவை கொடுக்கும் களை அச்சுப் படத்தில் வராது. எடையை மட்டும் பாருங்கள்: ஒரு சதுர அடிச் சுடுமண் பலகை ஓர் அங்குலக் கனத்தில் நான்கு கிலோவைத் தாண்டும். சுவரில் துளையிட்டு ஆங்கர் போட்டே மாட்ட வேண்டும், யார் தலைக்கு மேலும் வேண்டாம். ஓதச் சுவரில் பூச்சில்லாத சுடுமண்ணும் வெள்ளையாகப் பூக்கும். காகிதக்கூழ் இலேசு, ஆனால் ஈரத்தை உறிஞ்சிவிடும்; உலர்ந்த உள் அறையில் அலமாரி மேல் வைப்பதோடு சரி. அதிகப் பணம் இங்கே போடத் தேவையில்லை.

வரையவிடுவது

செலவு மிகக் குறைவு, பலன் மிக நேரடி, கெட்டுப்போகும் வாய்ப்பும் மிக அதிகம்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் விருப்பம்போல் வரைந்தார்கள், ஒட்டினார்கள், களிமண் பிசைந்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு கூடும் கார்ட்டிசால் உமிழ்நீரில் குறைந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லை. ஒப்பிட இன்னொரு குழு அதில் இல்லை என்பதால் அளவாகவே நம்பலாம். 84 மாணவர்களை வைத்து 2005-இல் வெளியான இன்னோர் ஆய்வு தெளிவாக ஒன்றைக் காட்டியது: மண்டலா எனப்படும் வட்டக் கோல வடிவத்துக்கோ கட்டம்போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம், வெற்றுத்தாளில் இஷ்டம்போல் தீட்டியவர்களைவிட அதிகம் குறைந்தது. பதற்றமாக இருப்பவருக்கு வெறும் தாள் ஒரு சுமை. பிடித்துப் போக ஒரு வடிவம் வேண்டும்.

அந்த வடிவம் நம் வாசலிலேயே இருக்கிறது. புள்ளி வைத்த தாளைக் கொடுத்துச் சிக்குக் கோலம் போடச் சொன்னால், 'எனக்கு வரைய வராது' என்ற பேச்சுக்கே இடமிருக்காது. 7 புள்ளி நேர்வரிசைக் கோலம் ஏ5 தாளில் வசதியாக அடங்கும். இருபது பேருக்கு 120 ஜி.எஸ்.எம். தாள் 40, பன்னிரண்டு நிறக் கலர் பென்சில் பெட்டி 7, ஷார்ப்னர் 4 வாங்கினால் போதும். ஸ்கெட்ச் பேனா தாளின் மறுபக்கம் ஊறும். தரையில் கோலமாவு வேண்டாம். டைல்ஸில் வழுக்கும், ஏசி அறையில் தூள் பறக்கும். அரவிந்தர் ஆசிரமத்தில் கையால் செய்யும் தாள் அழகுதான், தினசரிக்குக் கட்டுப்படியாகாது.

வாரம் இரண்டு முறை, சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம். வருவதும் வராததும் அவரவர் இஷ்டம். கெடுப்பவை மூன்று: போட்டி வைப்பது, கேட்காமல் சுவரில் ஒட்டுவது, வந்தவர் பட்டியல் எடுப்பது. முதல் பரிசு என்று அறிவித்த மறுவாரமே நன்றாக வரைகிற நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள்.

பாடத்தாளில் படம்

வகுப்பறையில் கணக்கு தலைகீழாகும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 24 மழலைப் பள்ளிக் குழந்தைகள் அலங்காரம் நிறைந்த வகுப்பிலும் அலங்காரமற்ற வகுப்பிலும் மாறி மாறிப் பாடம் கேட்டார்கள். நிறைந்த வகுப்பில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, மற்றதில் 28.4. தேர்வில் சரியான விடை முறையே 42, 55 விழுக்காடு. அதனால் ஆசிரியர் நிற்கும் பக்கச் சுவர் காலியாகவே இருக்கட்டும். படங்கள் பின்சுவருக்குப் போகட்டும்.

தாளிலும் அப்படித்தான். பாடத்தை விளக்காத அழகுப் படம், அது எவ்வளவு இதமாக இருந்தாலும், வாசிப்பவரின் கவனத்தைப் பிடுங்கும். இதயத்தின் அறைகளைப் பற்றிய பக்கத்தில் பூக்கொத்து எதற்கு? எழுத்துக்குப் பின்னால் மங்கலாகப் படம் போடுவது அதைவிட மோசம். இதம் வேண்டுமென்றால் இடம் விடுங்கள்: வலது ஓரத்தில் 4 சென்டிமீட்டர் வெற்றிடம், வரிகளுக்கு நடுவே தாராள இடைவெளி, ஒரு பக்கத்துக்கு ஒரு படம். அந்த ஓரத்தில் மாணவர் கிறுக்கினால் அதட்ட வேண்டாம். 2009-இல் இங்கிலாந்தில் 40 பேரிடம் நடந்த சோதனையில், அலுப்பான தொலைபேசிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே வடிவங்களை நிரப்பியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

விளக்கப் படத்தில் அ, ஆ, இ என்று குறியிட்டுக் கீழே பட்டியல் போடாமல், பெயரை உறுப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். கண் மேலும் கீழும் அலைவது மிச்சம். சிப்காட் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புப் பயிற்சித் தாள்களில் ரத்தம் தெரியும் விபத்துப் புகைப்படத்தை விட்டு, கை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கோட்டுப் படமாகக் காட்டினால் பயம் குறைந்து செயல்முறை மனதில் நிற்கும். சரி, தவறு என்பதைச் சிவப்பு, பச்சை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். டிக்கும் பெருக்கல் குறியும் கூடவே வேண்டும். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருப்பார்கள், தவிர முக்கால்வாசித் தாள் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைக்கு வரும்.

அந்த ஜெராக்ஸை மனதில் வைத்தே வரைய வேண்டும். சாம்பல் நிழல் கொடுத்த படம் இரண்டாம் நகலில் கறுப்புத் திட்டாகிவிடும். 1 பாயின்ட் கனமுள்ள சுத்தமான கோடு தாக்குப்பிடிக்கும், அரை பாயின்ட் கோடு அங்கங்கே அறுந்துபோகும். நூறு பிரதிக்குக் கொடுக்கும் முன் ஒன்றை எடுத்து, அதையே வைத்து மறுபடி ஒரு நகல் எடுங்கள். அதில் படத்தின் பெயர்க்குறிப்புகளை ஒரு கை தூரத்தில் வாசிக்க முடிந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.